உணர்வா, கைத்திறனா? கித்தார் நரம்பில் தொடரும் வழக்கு

பல்கலைக்கழகத் தங்கும் விடுதியில் ஒருவர் கையில் கித்தார் இருந்தால் போதும், சுற்றி நான்கு பேர் கூடிவிடுவார்கள். நான்கு பேர் கூடினால் ஒரு வாக்குவாதமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். “விரல் போன வேகத்தைப் பார்த்தாயா? கண்ணுக்கே தெரியவில்லை!” என்று ஒருவர் வியப்பார். “வேகம் இருந்து என்ன பயன்? அதில் உயிர் இல்லையே!” என்று மற்றவர் மறுப்பார். ராக் இசையைக் கேட்கும் இளைஞர்கள் இருக்கும் இடமெல்லாம் இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. கித்தார் வாசிப்பில் பெரிது எது? உணர்வா, கைத்திறனா?

கேட்பதற்கு இது பொழுதுபோக்கு வாதம் போலத் தோன்றலாம். ஆனால் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக இங்கு வந்து சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இவ்வழக்கில் ஒரு மானப் பிரச்சினையும், ஏன், ஒரு கூலிப் பிரச்சினையும்கூட அடங்கியிருக்கிறது. அது எப்படி என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன், இரு தரப்பினரும் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

இரண்டு கட்சிகள்

உணர்வுக் கட்சியினர் முதலில் காட்டும் சாட்சி பி.பி. கிங். 1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்த கறுப்பினக் கலைஞர் இவர். சிறு வயதில் பருத்தி எடுத்தார். பின்னர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். 2015இல் மறைவதற்கு முந்தைய ஆண்டுவரை மேடையேறிக்கொண்டிருந்தார். புளூஸ் இசைக்கலைஞரான இவரைக் கேட்டுத்தான் பிற்கால ராக் கித்தார் கலைஞர்கள் பலர் வளர்ந்தார்கள். பி.பி. கிங் வேகமாக வாசித்துப் புகழ் பெற்றவர் அல்லர். தமக்கு இசையொத்துகள், அதாவது ‘கார்டுகள்’, சரியாக வராது என்று அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். ஆனால் அவர் ஒரே ஒரு சுரத்தை எடுத்துத் தந்தியை அசைத்தால், அது அவர்தான் என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கைத்திறன் கட்சியினர் காட்டும் சாட்சி சுவீடன் நாட்டு இங்வே மால்ம்ஸ்டீன். 1984இல் வெளிவந்த ‘ரைசிங் ஃபோர்ஸ்’ என்னும் இசைத்தட்டில், பாக், பகனினி போன்ற மேற்கத்தியச் செவ்விசை மேதைகளின் நடையை மின்கித்தாரில் மின்னல் வேகத்தில் வாசித்துக் காட்டினார். அதன்பின் பல ஆண்டுகள் உலகெங்கும் இளைஞர்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வேகம் பழகினார்கள். நம் நாட்டிலும் அது ராக் இசையின் பொற்காலம். 1981இல் ஜொகூர் பாருவில் உருவான ‘சர்ச்’ குழுவும், ‘விங்ஸ்’ குழுவும் கொடிகட்டிப் பறந்த காலம். ‘இசபெல்லா’ பாடல் 1989இல் வந்தது. இன உணர்வு பாராமல் மலேசிய இளைஞர்கள் அனைவரும் முணுமுணுத்த மலாய்ப் பாடல் அது.

பிறகு காற்று திசை மாறியது. 1991இல் ‘நிர்வாணா’ குழுவின் ‘நெவர்மைண்ட்’ வெளிவந்தது. அதில் கர்ட் கோபேன் வாசித்தவை பெரும்பாலும் எளிமையானவை. கித்தார் பழகத் தொடங்கிய மாணவரும் சில மாதங்களில் வாசித்துவிடக் கூடியவை. ஆனால் உலகமே அதிர்ந்தது. “பார்த்தீர்களா, திறமை தேவையே இல்லை, உணர்வு போதும்” என்று உணர்வுக் கட்சியினர் மார்தட்டினர். இப்படிப் பத்தாண்டுக்கு ஒரு கட்சி ஆட்சிக்கு வருவதும் மற்றது எதிர்க்கட்சி வரிசையில் அமர்வதுமாக இந்த வழக்கு நீள்கிறது.

எனக்கோ, இரு தரப்பும் ஒரே பிழையான கணக்கிலிருந்து புறப்படுகின்றன என்று தோன்றுகிறது. வேகம்தான் திறன் என்று இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். வேகத்தைத் திறனின் பக்கம் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை எல்லாம் உணர்வு என்று பெயரிட்டுவிடுகிறார்கள். அந்த ‘எஞ்சியது’ உண்மையில் என்ன என்று சற்றுக் கூர்ந்து பார்ப்போமா?

உணர்வு ஒளிந்திருக்கும் இடங்கள்

கித்தார் பழகாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கித்தாரின் கழுத்தில் குறுக்காகப் பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகள் உள்ளன. வீணையில் இவற்றை மெட்டு என்போம். ஒரு மெட்டைத் தாண்டினால் ஓர் அரைச்சுரம் உயரும். இரண்டைத் தாண்டினால் ஒரு முழுச்சுரம். பியானோவில் கட்டையை அழுத்துவது போல, மெட்டுக்குப் பின்னால் விரலை வைத்தால் சுரம் தானே வந்துவிடும். ஆனால் மனிதக் குரல் அப்படிப் படிப்படியாக ஏறுவதில்லை. அழும்போதும் கெஞ்சும்போதும் நம் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்கிறது. அந்த வழுக்கலைக் கித்தாரில் கொண்டுவரத் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி வளைக்க வேண்டும். ராக் கித்தார் ‘அழுகிறது’ என்று நாம் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இந்த வளைவின் பின்னே ஓர் இயற்பியல் இருக்கிறது. தந்தியின் இழுவிசை கூடினால் சுரம் உயரும். ஒரு முழுச்சுரம் உயர அதிர்வெண் ஏறத்தாழ 12 விழுக்காடு கூட வேண்டும். அதற்கு இழுவிசை ஏறத்தாழ 26 விழுக்காடு கூட வேண்டும். அந்த அளவை விரல்நுனி தன் உணர்ச்சியாலேயே அறிந்து, செவியின் துணையோடு, சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். சற்றுக் குறைந்தால் பாட்டு சோர்ந்துவிடும். சற்று மிஞ்சினால் கூச்சலாகிவிடும். ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால், அதில் பத்துப் பங்குக்கும் குறைவான பிசகைப் பழகிய செவி கண்டுகொள்ளும். அத்தனை நுண்மையான வேலை இது. இதைத்தான் நாம் ‘மனசைத் தொட்டுவிட்டான்’ என்று சொல்கிறோம்.

அடுத்தது வைப்ராட்டோ எனப்படும் அசைவு. நிறுத்திய சுரத்தை மேலும் கீழுமாக மெல்ல அசைப்பது. பாடகர்களின் குரலில் இது நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை நிகழும். கித்தாரில் அதன் வேகமும் அகலமும் வாசிப்பவர் கையில் இருக்கின்றன. பி.பி. கிங்கின் புகழ்பெற்ற அசைவு எப்படி வந்தது தெரியுமா? அவருடைய உறவினர் புக்கா வைட், தந்தியின் மேல் உலோகத்தை வழுக்கி வாசிப்பதில் வல்லவர். அந்த முறை பி.பி. கிங்குக்குக் கைவரவில்லை. அந்த ஒலியையாவது பிடித்துவிட வேண்டும் என்று வெறும் விரலை அசைத்து அசைத்துப் பழகினார். உணர்வின் சின்னமாக உலகம் போற்றும் அவருடைய அசைவு, ஒரு நுட்பச் சிக்கலுக்கு அவர் உழைத்துக் கண்ட விடையாகும்.

மூன்றாவது, அழுத்தம். ஒரே சுரத்தை மெல்லவும் வன்மையாகவும் மீட்டலாம். நான்காவது, காலம். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி மீட்டினால் ஏக்கம் பிறக்கும். முந்தினால் பதற்றம் பிறக்கும். ஐந்தாவது, மௌனம். எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதும் ஒரு திறன். அது வேகத்தைவிடக் கடினமானது என்றுகூடச் சொல்லலாம்.

இவை எதுவும் பிறவியில் வருவன அல்ல. இவற்றில் ஒவ்வொன்றையும் அளக்கலாம், பழகலாம், திருத்தலாம். அப்படியானால் இவையும் கைத்திறன்தானே? 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞரின் இரு விரல்நுனிகள் இயந்திரத்தில் துண்டாயின. அவர் மனம் தளரவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். அழுத்துவதற்கு எளிதான மெல்லிய தந்திகளைத் தேடினார். பிற்காலத்தில் சுருதியையே தாழ்த்தித் தந்தியைத் தளர்த்திக்கொண்டார். ‘பிளாக் சபாத்’ குழுவின் அந்தக் கனத்த, இருண்ட ஒலிக்கு இந்த ஏற்பாடுகளும் ஒரு காரணம். அந்த இருளைக் கேட்டு ‘என்ன உணர்வு!’ என்று வியக்கிறோம். அதன் அடியில் ஒரு தொழிலாளியின் பொறுமையான கைவேலை இருக்கிறது.

உறுமியும் மேண்டலினும்

இவ்வளவும் வெள்ளைக்காரர் கதை என்று எண்ண வேண்டாம். நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். உறுமி மேளம் முழங்கத் தொடங்கினால் பெரியவர்களுக்கு உடல் சிலிர்க்கும். சிலருக்கு அருளே வந்துவிடும். அந்த ஒலியில் நெஞ்சைப் பிசைவது எது? உறுமியின் வலப்பக்கம் நேர்க்குச்சியால் அடிக்கப்படுகிறது. இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போதுதான் அந்த உறுமல், அந்த முனகல் பிறக்கிறது. கித்தாரின் தந்தி வளைவும் உறுமியின் தேய்ப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் கருவியைக் குரலாக்குகின்றன. எத்தனை அழுத்தத்தில் தேய்ப்பது, எப்போது விடுவது என்பதைக் கற்க எங்கள் தோட்டத்து அண்ணன்மார்கள் வேலை முடிந்து எத்தனையோ இரவுகள் கோயில் கொட்டகையில் பழகுவார்கள். ஆனால் திருவிழா அன்று கேட்பவர்கள், “சாமி இறங்கிவிட்டது” என்று மட்டுமே சொல்வார்கள். பழகிய இரவுகளை யாரும் எண்ணுவதில்லை.

கருநாடக இசையிலும் இதே வழக்கு ‘பாவமா, கணக்கா’ என்ற பெயரில் நடக்கிறது. அதற்கு நல்ல விடையாக விளங்கியவர் மேண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014). மேண்டலின் என்பது இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கொண்ட மேற்கத்தியக் கருவி. இரட்டைத் தந்தியை வளைத்துக் கமகம் வாசிப்பது மிகக் கடினம். அவர் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மேண்டலினைக் கையாண்டார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மேண்டலின் அறியாதவர். அவர் பாடிக் காட்டுவார், சிறுவன் அதைக் கருவியில் தேடுவான். 1978இல் ஒன்பது வயதில் அரங்கேறிய அந்தச் சிறுவனை ‘பிறவி மேதை’ என்று உலகம் அழைத்தது. பிறவி மேதையும் தந்தியின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1970களில் ஆங்கிலக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், நம் எல். சங்கர், விக்கு விநாயக்ராம், சாக்கிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தார். வீணையைப் போல் கமகம் வர வேண்டும் என்பதற்காக, மெட்டுகளுக்கு இடையே உள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்ட கித்தாரைப் பயன்படுத்தினார். அதேபோலக் குழிவாகச் செதுக்கிய கழுத்துத்தான் மால்ம்ஸ்டீனின் கித்தாரிலும் உள்ளது! உணர்வுக் கட்சியும் வேகக் கட்சியும் ஒரே உளியால் செதுக்கிய மரத்தில்தான் விரல் வைக்கின்றன.

தமிழ்த் திரையிசையிலிருந்து ஒன்று சொல்லாமல் விட முடியாது. 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘இளைய நிலா’ பாடலின் கித்தார் இசையை அறியாத தமிழர் உண்டோ? அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கேட்பதற்கு அது நிலவொளி போல் மென்மையானது. வாசிக்கத் தொடங்கினால்தான் தெரியும், அந்த மென்மைக்கு ஒவ்வொரு தந்தியும் சம அளவில், சம இடைவெளியில், பிசிறின்றி ஒலிக்க வேண்டும் என்பது. மென்மையாகக் கேட்பது எளிமையாக வாசிக்கப்பட்டது ஆகாது.

இளங்கோவடிகள் காட்டும் வரிசை

தமிழ்ப் பேரவையின் இதழில் எழுதிவிட்டுச் சிலம்பைத் தொடாமல் போனால் எப்படி? பழந்தமிழில் தந்திக்கு நரம்பு என்றே பெயர். யாழின் நரம்பும் உடலின் நரம்பும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில், புகார்க் கடற்கரையில் மாதவி யாழைக் கையில் வாங்குகிறாள். கோவலனுக்கும் அவளுக்கும் இடையே பிரிவை உண்டாக்கப்போகும் காட்சி அது. காவியத்தின் உணர்ச்சி மிகுந்த இடங்களுள் ஒன்று. அங்கே இளங்கோவடிகள் முதலில் என்ன சொல்கிறார்? மாதவியின் துயரையா, ஊடலையா? இல்லை. யாழைச் சீர்செய்யும் எட்டு வகைச் செயல்களைச் சொல்கிறார். பிறகு நரம்பின் மீது விரல் செய்யும் எட்டு வகை வேலைகளை அடுக்குகிறார். அள்ளல், உருட்டல், உந்தல் என்பன அவற்றுள் சில. வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில். வடித்தல் என்பது சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்ந்து செய்வது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். இத்தனையும் செய்து, தன் செவியால் சரிபார்த்த பின்னரே அவள் யாழைக் கோவலனிடம் நீட்டுகிறாள். உணர்வின் வெள்ளம் அதன் பிறகுதான் பெருகுகிறது.

அந்த மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியவள் என்பதையும், அவளுடைய ஆடலாசான், இசையாசான், யாழாசான் முதலியோரின் தகுதிகளையும் அரங்கேற்று காதை விரிவாகக் கூறுகிறது. தொல்காப்பியமோ உணர்வுக்கே ‘மெய்ப்பாடு’ என்று பெயர் வைத்திருக்கிறது. நகை, அழுகை முதலிய எட்டும் மெய்யின்கண், அதாவது உடலில், வெளிப்படுவன. உள்ளத்துக்குள்ளேயே கிடப்பது இன்னும் மெய்ப்பாடு ஆகவில்லை. கித்தார் கலைஞனுக்கும் இது பொருந்தும். அவன் நெஞ்சில் கடலளவு துயரம் இருக்கலாம். விரல்நுனிக்கு வந்து சேராதவரை கேட்பவருக்கு அது இல்லாததே.

கொழுந்து கிள்ளும் விரல்கள்

இப்போது தொடக்கத்தில் சொன்ன மானப் பிரச்சினைக்கு வருகிறேன். “இசை தமிழனின் இரத்தத்தில் ஊறியது, இந்தியப் பையன்களுக்குத் தாளம் தானே வரும்” என்று நம்மைப் பாராட்டுவோர் உண்டு. நாமும் பெருமையோடு தலையாட்டுகிறோம். ஆனால் இந்தப் பாராட்டுக்குள் ஒரு பறிப்பு இருக்கிறது. இரத்தத்திலேயே இருக்கிறது என்றால், பழகிய இரவுகளுக்கு மதிப்பு இல்லை என்று பொருள். தானே வருவதற்கு யாராவது கூலி கொடுப்பார்களா?

கேமரன் மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்கள் மலைச்சரிவில் நின்று கொழுந்து எடுத்தார்கள். என் பாட்டியும் அவர்களில் ஒருவர். கொழுந்து கிள்ளுவதைப் பாட்டி விளக்கிச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு பெரிய வித்தை என்று எனக்குப் புரிந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்த்து ஒடிக்க வேண்டும். முற்றிய இலை கூடைக்குள் போகக்கூடாது. செடியின் மேல்மட்டம் மேடுபள்ளம் ஆகக்கூடாது. ஆனால் அடுத்த சுற்றில் தளிர் குறையும். கைக்குள் சேர்த்துப் பிடித்திருக்கும் கொழுந்தைக் கசக்கக்கூடாது. கசங்கினால் அது கூடையிலேயே சிவக்கத் தொடங்கும். இத்தனையையும் வழுக்கும் சரிவில், முதுகில் கூடையோடு, பனியில் விறைத்த விரல்களால் செய்ய வேண்டும். யாழுக்கு வடித்தல் செய்த அதே இரண்டு விரல்கள். கித்தார் வாசிப்பவர் பிக் என்னும் சிறு வில்லையைப் பிடிப்பதும் அதே இரண்டு விரல்களால்தான்.

அந்த வேலைக்கு ஏட்டில் என்ன பெயர்? திறனற்ற தொழிலாளர் வேலை. பெண்களுக்குப் பூப்போன்ற விரல்கள், அவர்களுக்கு இது இயல்பாக வரும் என்பது விளக்கம். இது தேயிலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1970களில் வெளிநாட்டு மின்னணுத் தொழிற்சாலைகளை ஈர்க்க நம் நாடு வெளியிட்ட விளம்பர ஏடு ஒன்று, கீழைநாட்டுப் பெண்களின் சிறிய, சுறுசுறுப்பான கைகளைப் புகழ்ந்தது. 1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் இதனை எடுத்துக்காட்டி ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார்கள். அந்தக் கைவேகம் பிறவியில் வந்ததன்று. வீட்டில் தைத்தும் பின்னியும் சிறுவயது முதல் பெற்ற பயிற்சி. அந்தப் பயிற்சி யார் கண்ணிலும் படாததால் அது ‘இயல்பு’ எனப்படுகிறது. ‘இயல்பு’ எனப்படுவதால் திறனற்ற வேலையாக வகைப்படுத்தப்பட்டுக் குறைந்த கூலி தரப்படுகிறது.

கித்தார் வழக்குக்கும் இது அப்படியே பொருந்துகிறது. பருத்தித் தோட்டத்தில் பிறந்த பி.பி. கிங்கை ‘உணர்வுக் கலைஞர்’ என்றும், செவ்விசை நடையில் வாசிக்கும் ஐரோப்பியரை ‘நுட்பக் கலைஞர்’ என்றும் பிரிக்கும்போது, ஒருவர் உழைத்தார், மற்றவருக்குத் தானே வந்தது என்று நாம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். உறுமி வாசிக்கும் அண்ணனுக்குத் திருவிழா முடிந்ததும் ஒரு துண்டும் சிறு தொகையும் கொடுத்து அனுப்புகிறோமே, அதன் பின்னாலும் இதே எண்ணம்தான் இருக்கிறது. ஆகவே யாரையேனும் ‘உணர்வோடு வாசிக்கிறார்’ என்று பாராட்டும்போது, அந்த உணர்வை வெளிக்கொணர அவர் என்ன பழகினார் என்றும் கேட்பது நம் கடமை என்பேன்.

ஓர் எதிர்வாதம்

“அப்படியானால் திறன்தான் எல்லாமா? ஆயிரம் சுரம் வாசித்தும் நெஞ்சைத் தொடாதவர்கள் இருக்கிறார்களே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மரண வீட்டில் ஒப்பாரி வைக்கும் மூதாட்டிக்குச் சுருதிப் பெட்டி கிடையாது. ஆனாலும் நாம் கலங்குகிறோம். கோபேனின் எளிய வாசிப்பும் அவ்வாறே உலகை உலுக்கியது.

என் விடை இதுதான். ஒப்பாரி வைக்கும் மூதாட்டி ஒன்றும் பழகாதவர் அல்லர். எத்தனையோ இழவு வீடுகளில் கேட்டுக் கேட்டு, எங்கே குரலை உயர்த்துவது, எங்கே மூச்சை விடுவது, எந்தச் சொல்லில் உடைவது என்று அறிந்தவர். கோபேன் வேகம் பழகவில்லை என்பது உண்மை. மெல்லிய பகுதியை அடக்கி வாசித்து, சட்டென்று முழு ஒலியில் வெடிக்கும் இடத்தை அவர் துல்லியமாக அறிந்திருந்தார். அவர்களிடமும் திறன் உண்டு. நாம் திறன் என்று எண்ணப் பழகாத வகைத் திறன்.

அதேவேளை, சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவனைத் திறன் காப்பாற்றாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு சுரங்களில் எதை வாசிப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பது உணர்வின் வேலை. தேர்ந்தெடுத்ததைக் கேட்பவர் செவிவரை கொண்டுசேர்ப்பது திறனின் வேலை. 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் திடலில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசியப் பண்ணை வாசித்தபோது, அதனிடையே குண்டு விழும் ஓசையையும் ஓலத்தையும் கித்தாரில் எழுப்பினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பாட்டில் அந்த ஓசையைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது உணர்வு. ஒலிபெருக்கியின் முன் எங்கே நின்றால் தந்தி தானாக அலறும், நெம்புகோலை எவ்வளவு அழுத்தினால் சுரம் சரியும் என்று அறிந்திருந்தது திறன். ஒன்றை நீக்கினால் மற்றதும் இல்லை.

ஈப்போவின் பொன்னுதுரை

கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலை வழியாகக் கீழே இறங்கினால் ஈப்போ. அந்த ஊரில் 1961இல் பிறந்த தமிழர் பால் பொன்னுதுரை. சிங்கப்பூரில் வாழ்ந்து, அங்குள்ள மதுக்கூடங்களிலும் சிறு அரங்குகளிலும் ஒற்றைக் கித்தாரோடு பாடினார். அடித்தந்தியின் நடை, இசையொத்து, மெட்டு மூன்றையும் ஒரே நேரத்தில் விரல்களால் வாசித்து, அதன்மேல் பாடவும் செய்வார். பிறருடைய பாடலை எடுத்து அதை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றி, நம்மை முதன்முறை கேட்பதுபோல் உணரச் செய்வார். அமெரிக்காவின் டைம் இதழும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் அவரைப் பற்றி வியந்து எழுதின. 2012இல் அவர் காலமானார். நம் பக்கத்து ஊர்க்காரரான அவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் வாசிப்பின் பதிவுகளைக் கேட்பவர்களால் ‘இது உணர்வு, இது நுட்பம்’ என்று பிரித்துக் காட்ட முடியாது. வேகமான ஓர் ஓட்டம் வரும். அது பாட்டின் சொல்லுக்காகவே வரும். பிறகு ஒரு நீண்ட இடைவெளி வரும். அதுவும் அதே சொல்லுக்காகவே. இந்த வழக்கில் தீர்ப்பு எழுதச் சொன்னால் அவருடைய வாசிப்பைத்தான் நான் தீர்ப்பாகக் காட்டுவேன்.

பழகும் தம்பி தங்கைகளுக்கு

நடைமுறையில் பயன்படும் சிலவற்றைக் கூறி நிறைவு செய்கிறேன். முதலாவது, வாசிக்கும் முன் பாடுங்கள். வாயால் பாட முடியாததை விரல் பெரும்பாலும் பொருளின்றியே வாசிக்கும். ஸ்ரீநிவாஸ் கற்ற முறையும் அதுவே. இரண்டாவது, தந்தியை வளைத்துப் பழகும்போது, சேர வேண்டிய சுரத்தை முதலில் இரண்டு மெட்டு தள்ளி நேராக வாசித்துக் கேளுங்கள். பிறகு வளைத்து அதே இடத்துக்கு வந்து சேருங்கள். மூன்றாவது, ஒரே சுரத்தை ஐந்து விதமான அழுத்தத்தில் வாசியுங்கள். நான்காவது, உங்கள் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது நம் நெஞ்சில் இருந்தது ஒலியில் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ஐந்தாவது, வேகத்தை வெறுக்காதீர்கள். வேகமும் ஒரு சொல். தேவைப்படும் நாளில் அது நம் கையில் இருக்க வேண்டும்.

“எனக்கு உணர்வு இருக்கிறது, பயிற்சி எதற்கு?” என்று சோம்பிவிடும் தம்பியும், “எனக்கு அவ்வளவு வேகம் வராது” என்று கித்தாரை மூலையில் சாய்த்துவிடும் தங்கையும் ஒரே பொய்யை இரு பக்கமாக நம்புகிறவர்கள். உணர்வு நம் எல்லாருக்கும் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அதற்குக் குறைவே இல்லை. அதை மெய்ப்பாடாக்கும் விரல்களுக்கு வேண்டியது நாள்தோறும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை மதிக்கத் தொடங்கினால், மேடையில் நிற்கும் கலைஞரையும் மலைச்சரிவில் நின்ற நம் பாட்டிமார்களையும் ஒரே மரியாதையோடு பார்க்கக் கற்றுக்கொள்வோம்.